2017 மாகாண சபைத் தேர்தல் திருத்தம்: எதிர்த்தவர்கள் யார், எதை எதிர்த்தார்கள்?

வாசகர் ஒருவரின் கேள்வி, 8 ஜூன் 2025

உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து ஒரு மாதமாகிவிட்டது. அடுத்தது மாகாண சபைதான் என்று பேச்சு அடிபடுகிறது. நான் கேட்பது பழைய கதை. 2017 செப்டம்பரில் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தியபோது இலங்கைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தது முன்னாள் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் அணி. ஆதரித்தவர்களில் எங்கள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் இருந்தது. அந்தத் திருத்தத்தால்தான் இன்றுவரை தேர்தல் இல்லை. அப்படியானால் அன்றைக்குச் சனநாயகத்தின் பக்கம் நின்றவர்கள் மகிந்த அணியினர்தான் என்று சொல்ல இங்கே ஒருவருக்கும் ஏன் வாய் வரவில்லை?

8 ஜூன், இரவு

எனக்குத் தாராளமாக வாய் வரும். அன்று சபையில் அவர்கள் எழுப்பிய ஆட்சேபம் சரியானது. ஆனால் உங்கள் கேள்வி கடைசி வரியில் ஒரு தாவு தாவுகிறது. சரியான ஆட்சேபத்தை யார் வேண்டுமானாலும் எழுப்பலாம். அதற்காகவே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

நடந்ததை முதலில் வைத்துக்கொள்வோம். 2017 ஜூலையில் வர்த்தமானியில் வந்த சட்டமூலம் மிகச் சிறியது. மாகாண சபைத் தேர்தலுக்கான வேட்புமனுக்களில் குறைந்தது 30 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். செப்டம்பர் 20ஆம் திகதி அது விவாதத்துக்கு வந்தது. சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாகப் பார்த்துத் திருத்தும் குழுநிலைக்கு வந்தபோது அரசாங்கத் தரப்பு திருத்தங்கள் என்ற பெயரில் பக்கம் பக்கமாக வேறொரு சட்டத்தையே உள்ளே செருகியது. கட்சி பெறும் வாக்குப் பங்குக்கு ஏற்ப ஆசனம் தரும் விகிதாசார முறை போயிற்று. பாதி உறுப்பினர்கள் தொகுதிவாரியாக, பாதிப் பேர் விகிதாசாரப்படி என்று கலப்பு முறை வந்தது. தொகுதிகளை வகுக்க ஓர் எல்லை நிர்ணயக் குழு, அந்தக் குழுவின் அறிக்கைக்குப் பாராளுமன்றத்தின் அங்கீகாரம் என்று வரிசையாக நிபந்தனைகள். "தேர்தல் ஒத்திவைக்கப்படுகிறது" என்று எந்த வரியிலும் இல்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. தொகுதியே இல்லாமல் தொகுதிவாரித் தேர்தலை எப்படி நடத்துவது?

கூட்டு எதிரணி என்ற பெயரில் இயங்கிய மகிந்த அணி கூச்சல் போட்டது. பெண்களுக்கான சட்டமூலத்தின் உடலுக்குள் தேர்தல் முறையை மாற்றும் சட்டத்தைப் புகுத்த முடியாது என்பது அவர்கள் வாதம். சட்டமா அதிபரின் கருத்துக் கேட்கப்பட்டது. மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று பதில் வந்தது. 225 பேரில் 150. ஆதரவாக விழுந்தவை 159, எதிராக 37.

இந்த அவசரம் எதற்கு என்று அறிய நாட்காட்டியைப் பார்த்தால் போதும். கிழக்கு, வடமத்திய, சப்ரகமுவ சபைகள் மூன்றும் 2012 செப்டம்பரில் ஒரே நாளில் தெரிவானவை. ஐந்து ஆண்டுக் காலம் 2017 செப்டம்பர் கடைசியோடு முடிகிறது. இன்னும் சில நாட்கள் போயிருந்தால் தேர்தல்கள் ஆணைக்குழு வேட்புமனுவுக்கு அறிவித்தல் விட்டிருக்க வேண்டும்.

9 ஜூன்

"அந்த நேரத்தில் எதிர்க்கட்சித் தலைவர் சம்பந்தன் ஐயாதானே, பிறகு மகிந்த அணி எப்படி எதிரணி?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும்.

2015 பொதுத் தேர்தலுக்குப் பிறகு ஐக்கிய தேசியக் கட்சியும் சுதந்திரக் கட்சியும் சேர்ந்து அரசாங்கம் அமைத்தன. எனவே எதிர்க்கட்சித் தலைவர் பதவி அதற்கு அடுத்த பெரிய கட்சியான தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு வந்தது. ஆனால் சுதந்திரக் கட்சி தலைமையிலான கூட்டணியின் பட்டியலில் வென்றவர்களில் மகிந்தவோடு நின்றவர்கள் அரசாங்கத்தில் சேராமல் "கூட்டு எதிரணி" என்று தனியாக இயங்கினார்கள். தினேஷ் குணவர்தன அவர்களுடைய பாராளுமன்றக் குழுத் தலைவர். எதிர்க்கட்சித் தலைவர் கதிரை எங்களுக்கே வேண்டும் என்று அவர்கள் சபாநாயகர் கரு ஜயசூரியவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆக அந்தச் சபையில் இரண்டு எதிரணிகள். கதிரை ஒருவரிடம், எதிர்ப்பு இன்னொருவரிடம். செப்டம்பர் 20ஆம் திகதி கதிரையில் இருந்தவர் அரசாங்கத்தோடு சேர்ந்து வாக்களித்தார். உலகத்தில் வேறெந்தப் பாராளுமன்றத்திலாவது தேர்தலைத் தள்ளிவைக்கும் சட்டத்துக்கு எதிர்க்கட்சித் தலைவரின் கட்சி கை கொடுத்துக் கரை சேர்த்திருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

11 ஜூன்

கண்டியிலிருந்து எழுதும் நண்பர் கேட்டது நல்ல கேள்வி: "இவ்வளவு அப்பட்டமாக இருந்தால் நீதிமன்றம் போயிருக்கலாமே?"

போக முடியாது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முழுச் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் அரசியலமைப்பில் ஒரு சட்டமூலத்தை உயர் நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்கு ஒரே ஒரு கதவுதான் உண்டு. 121ஆம் உறுப்புரை. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து அப்போது ஒரு வாரம் அவகாசம். அந்த ஒரு வாரத்தில் கதவு தட்டியவருக்கு மட்டும் பதில் கிடைக்கும். சபாநாயகர் சான்றுரை எழுதிக் கையெழுத்திட்ட பிறகு அது சட்டம். அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று 80ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி கதவை இறுக அடைத்துவிடுகிறது. இந்தியாவில் பத்து ஆண்டு கழித்தும் ஒரு சட்டத்தை உச்ச நீதிமன்றத்தில் உடைக்கலாம். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இப்போது பாருங்கள். கதவு திறந்திருந்த அந்த ஒரு வாரத்தில் வெளியே தெரிந்தது பெண்களுக்கான 30 சதவீதம் மட்டுமே. அதை எதிர்த்து யார் மனுப் போடுவார்கள்? குழுநிலையில் உள்ளே வந்ததோ கதவு அடைத்துப் பல வாரங்கள் கழிந்த பிறகு வந்தது.

அரசாங்கம் ஏன் இந்தச் சுற்றுவழியில் போனது என்பதற்கும் காரணம் உண்டு. நேர்வழி ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. எல்லா மாகாண சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடத்துவதற்கென்று 20ஆம் திருத்தம் என்ற பெயரில் ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தை அதே ஆண்டு கொண்டுவந்தார்கள். (2020இல் கோத்தாபய கொண்டுவந்த 20ஆம் திருத்தம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.) ஒரே நாள் என்றால் முந்தி முடியும் சபைகளின் காலம் நீளும். அதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேர்தலைத் தள்ளிவைக்க அனுமதி கேட்டு மக்களிடமே தேர்தல் வைக்கும் அளவுக்கு யாருக்கும் துணிச்சல் இருக்கவில்லை. உடனே கையில் கிடந்த பெண்கள் சட்டமூலத்தை எடுத்தார்கள்.

இன்னொன்று. மாகாண சபைகள் பற்றிய அரசியலமைப்பு அத்தியாயத்தில் கை வைத்தால் அந்தச் சட்டமூலத்தை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். அப்படி வந்த 20ஆம் திருத்தத்தை வட மாகாண சபை ஏற்க மறுத்தது. ஆனால் தேர்தல் என்பது மத்திக்கு ஒதுக்கப்பட்ட விடயம். சாதாரணத் தேர்தல் சட்டத்தைத் திருத்த மாகாணங்களைக் கேட்க வேண்டியதில்லை. மாகாண சபைகளை இல்லாமலாக்கிய சட்டத்தைப் பற்றி ஒரு மாகாண சபையிடமும் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

11 ஜூன், பின்னிரவு

இதை எழுதிவிட்டுப் படுத்தவன் எழும்பி வந்தேன். பெண்களுக்கு 30 சதவீதம் என்று தொடங்கிய சட்டம் ஆண் பெண் பேதமில்லாமல் எல்லோருடைய இடத்தையும் ஒரேயடியாகப் பறித்தது. ஒன்பது சபைகளிலும் சேர்த்து 455 ஆசனங்கள். பூரண சமத்துவம் என்றால் இதுதான்.

15 ஜூன்

"மாகாண சபை இருந்து என்ன கிழித்தது, போனால் போகட்டும்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கைதடியில் வட மாகாண சபை நடந்த காலத்தில் அங்கே நிறைவேறிய தீர்மானங்களின் எண்ணிக்கையையும் சபை இயற்றிய நியதிச் சட்டங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு நானும் எரிச்சல் பட்டவன்தான். அமைச்சர்களை விசாரிக்க ஒரு குழு, அந்தக் குழுவின் அறிக்கையால் ஒரு குழப்பம், முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை என்று 2017 நடுப்பகுதியில் நடந்த கூத்து எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஆனாலும் 2013 செப்டம்பர் 21ஆம் திகதியை நான் அவ்வளவு லேசாகத் தூக்கிப் போட மாட்டேன். அன்று நான் தேர்தல் கடமையில் இருந்தேன். ஒரு பாடசாலையின் வகுப்பறைதான் வாக்களிப்பு நிலையம். கரும்பலகையில் பின்னக் கணக்கு அழிக்கப்படாமல் கிடந்தது. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 16 ஆசனங்கள், ஆகவே ஒவ்வொரு பட்டியலிலும் 19 பேர். வாக்குச்சீட்டில் மேலே கட்சிகளும் சின்னங்களும், கீழே விருப்பு வாக்குக்கான இலக்கப் பெட்டிகள். மூன்று பேர் வரைக்கும் விருப்பு அடையாளம் போடலாம். வந்தவர்களில் பலர் இலக்கங்களைக் கைக்குள் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். வியர்வையில் மை கரைந்து, ஒரு அம்மாவுக்கு 10 எது 16 எது என்று தெரியவில்லை. தடுப்புக்குப் பின்னால் நின்றபடி "தம்பி, இதிலே எது?" என்று உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். நான் பார்க்கக் கூடாது, சொல்லவும் கூடாது. கட்சி முகவர்கள் அத்தனை பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். "அம்மா, கையை மூடுங்கள்" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர் என்னை முறைத்த முறைப்பில் இவன் எந்தக் கட்சிக்காரன் என்ற சந்தேகம் தெளிவாக இருந்தது.

மாகாண சபை முறை 1987இல் எங்கள் பிரச்சினையைத் தீர்க்கவென்று வந்தது. வடக்கும் கிழக்கும் இணைந்திருந்த சபைக்கு 1988இல் ஒரு தேர்தல். 1990இல் அந்தச் சபை கலைந்தது. அதற்குப் பிறகு வடக்குக்கென்று நடந்த முதல் தேர்தல் 2013இல்தான். தெற்கில் ஏழு மாகாணங்களும் வாக்களித்துச் சலித்த பிறகு எங்களுக்குக் கிடைத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் அதிகூடிய விருப்பு வாக்கு, பிறகு முதலமைச்சரான விக்னேஸ்வரனுக்கு. அடுத்து வந்தவர் அனந்தி சசிதரன். ஒதுக்கீடு எதுவும் இல்லாமலே ஒரு பெண் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தார் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்தச் சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. இப்போது ஆளுநரும் பிரதம செயலாளரும் மாகாணத்தை நடத்துகிறார்கள். நல்லவர்களாகவே இருக்கட்டும். எங்கள் ஊர் மாகாணப் பாடசாலை ஒன்றின் கூரை ஒழுகுகிறது. முன்பென்றால் ஒரு உறுப்பினரைச் சந்தியில் மறித்துக் கேட்கலாம். அவர் செய்யாவிட்டாலும் அடுத்த அமர்வில் எழும்பிக் கத்துவார், பத்திரிகையில் வரும். இப்போது கடிதம் கொடுத்தால் முத்திரை குத்தி வாங்குகிறார்கள். முத்திரை மிகத் தெளிவாக விழுகிறது.

19 ஜூன்

எல்லை நிர்ணயக் குழு பற்றிக் கேட்டவர்களுக்கு.

நில அளவையாளர் நாயகமாக இருந்த க. தவலிங்கம் தலைமையில் ஐந்து பேர் கொண்ட குழு. 2017 அக்டோபரில் நியமித்தார்கள், 2018 பெப்ரவரியில் அறிக்கை வந்துவிட்டது. அரச காரியத்தில் இந்த வேகம் அபூர்வம். குழுவைக் குறை சொல்ல முடியாது, கேட்ட காலத்துக்குள் கேட்டதைக் கொடுத்தார்கள். ஆனால் குழுவிலேயே இருந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லா உடன்படாமல் தனிக் கருத்தைப் பதிந்தார். சிதறி வாழும் முஸ்லிம்களுக்கு இந்தத் தொகுதிகளில் அவர்களுடைய சனத்தொகைக்கு ஏற்ற இடம் வராது என்பது அவர் நிலைப்பாடு. மன்னாரில் பிறந்து, பேராதனையில் புவியியல் கற்பித்தவர். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் கதையை ஆண்டுக்கணக்காகத் தேடி எழுதியவர். வரைபடத்தில் ஒரு கோடு எந்த வீட்டைத் தாண்டிப் போகிறது என்று அவருக்குத் தெரியும்.

குருநாகலிலோ பதுளையிலோ ஊருக்குப் பத்து வீடு என்று வாழ்கிறவர்கள் விகிதாசார முறையில் மாவட்டம் முழுவதும் வாக்கைக் கூட்டி ஓர் ஆசனம் எடுத்துவிடலாம். தொகுதி என்று வந்தால் எந்தத் தொகுதியிலும் அவர்கள் இரண்டாமிடம். முஸ்லிம் கட்சிகளும் மலையகக் கட்சிகளும் இதைச் சொல்லித்தான் தொகுதிப் பங்கை ஐம்பது சதவீதத்துக்குக் குறைத்தார்கள். குறைத்துவிட்டு ஆதரவாகக் கை தூக்கினார்கள்.

அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தது. 2018 ஆகஸ்ட் 24ஆம் திகதி வாக்கெடுப்பு. எதிராக 139. ஆதரவாகப் பூச்சியம். பிரேரணையைச் சமர்ப்பித்த அமைச்சர் பைசர் முஸ்தபாவே எதிர்த்து வாக்களித்தார். பெற்ற தகப்பனே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போய் "இதைச் சேர்க்காதீர்கள்" என்று கையெழுத்துப் போட்டது போல. பேராசிரியர் ஹஸ்புல்லா அதே மாதத்தில் காலமானார்.

ஏன் எல்லோரும் மனம் மாறினார்கள்? நடுவில் 2018 பெப்ரவரி 10ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. கலப்பு முறையின் முதல் பரீட்சை அது. மகிந்தவின் மொட்டுக் கட்சி வாரி அள்ளியது. அதைவிடப் பெரிய கோளாறு, பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை, தவிசாளரைத் தெரிவு செய்யக் குதிரை பேரம். நாடு முழுவதும் உறுப்பினர் தொகை நாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து எட்டாயிரத்தைத் தாண்டியது. புது உறுப்பினர்களுக்குக் கதிரை போட மண்டபத்தில் இடமில்லாத சபைகளும் உண்டு. சின்னக் கட்சிகள் பயந்தன, பெரிய கட்சிகள் அதைவிடப் பயந்தன.

20 ஜூன்

நேற்று எழுத விட்டது. அறிக்கை தோற்றால் என்ன செய்வது என்று சட்டத்தில் வழி இருக்கிறது. பிரதமர் தலைமையில் ஐவர் கொண்ட மீளாய்வுக் குழுவைச் சபாநாயகர் நியமிக்க வேண்டும், அது இரண்டு மாதத்தில் ஜனாதிபதியிடம் அறிக்கை கொடுக்க வேண்டும். அப்போதைய பிரதமர் ரணில் தலைமையில் குழு வந்தது. இரண்டு மாதம் முடிகிற தறுவாயில், அக்டோபர் 26ஆம் திகதி, ஜனாதிபதி சிறிசேன ரணிலைத் தூக்கிவிட்டு மகிந்தவைப் பிரதமராக்கினார். அந்த அமளியில் மீளாய்வை யார் நினைத்தார்கள்.

இரண்டு மாதத்தில் அறிக்கை வராவிட்டால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை. பழைய சட்டம் உயிர் பெறும் என்றும் இல்லை. பழைய முறையில் நடத்தலாமா என்று சிறிசேன 2019இல் உயர் நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒன்பது சபைகளின் காலமும் முடிந்துவிட்டது.

30 ஜூன்

இன்று சம்பந்தன் ஐயா காலமாகி ஒரு வருடம். அதனால் மென்மையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவரே அப்படி எதிர்பார்க்கிறவர் இல்லை.

கூட்டமைப்பு ஏன் ஆதரித்தது? அப்போது புதிய அரசியலமைப்பு வரப்போகிறது என்ற நம்பிக்கை முற்றாக வற்றியிருக்கவில்லை. அரசியலமைப்புப் பேரவையாகப் பாராளுமன்றம் கூடிக்கொண்டிருந்தது. வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை அடுத்த நாளே, செப்டம்பர் 21ஆம் திகதி, முன்வைக்கப்பட்டது. இந்தத் தேதிகளை அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் அந்த வாக்கு எனக்குக் கொஞ்சம் புரிகிறது. பெரியதொன்று வரும் என்று நம்பிச் சிறியதை விட்டார்கள். அரசாங்கம் உடைந்துவிடக் கூடாது, உடைந்தால் மகிந்த வருவார், வந்தால் எல்லாம் போய்விடும். இந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது.

9ஆம் திகதி எழுதியதைவிட இன்று எனக்குக் கோபம் குறைவு. ஆனாலும் ஒன்றை விட முடியவில்லை. ஒரு மாகாணத்தை ஆண்ட கட்சி அது. 38 ஆசனங்களில் 30 அவர்களிடம். ஒரு கூரையின் கீழ் இருந்த கைதடி உறுப்பினர்கள் ஒரு திருத்தத்தை வேண்டாம் என்கிறார்கள், அதே மாதத்தில் கோட்டேயில் பாராளுமன்றத்தில் இருந்த உறுப்பினர்கள் அதன் மாற்றுருவுக்குக் கை தூக்குகிறார்கள். இரு தரப்பும் தொலைபேசியில்கூடப் பேசிக்கொள்வதில்லையா? விக்னேஸ்வரனுக்கும் தலைமைக்கும் அப்போதிருந்த உறவை நினைத்தால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு கூட்டமைப்பின் சுமந்திரன் பழைய முறையில் தேர்தல் நடத்த வழி செய்யும் தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். நல்ல காரியம். வீட்டை இடிக்கும்போது கை கொடுத்தவர் பிறகு கல் எடுத்துக்கொண்டு வந்தால் வேண்டாம் என்றா சொல்வது? ஆனால் அதை எடுத்து நிறைவேற்றும் அக்கறையே எந்த அரசாங்கத்துக்கும் வரவில்லை.

5 ஜூலை

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "எல்லாம் சரி, நான் கேட்டதற்குப் பதில் எங்கே? அந்த 37 பேர்?"

பதில் இதோ. எதிர்த்த அணிக்கு அடுத்த மூன்று ஆண்டுக்குள் என்ன கிடைத்தது என்று பாருங்கள். 2019 நவம்பரில் ஜனாதிபதி பதவி. 2020 ஆகஸ்டில் பொதுத் தேர்தலில் அசுர வெற்றி. அதே ஆண்டு அக்டோபர் 22ஆம் திகதி அவர்களுடைய 20ஆம் திருத்தத்தை 156 வாக்குகளால் நிறைவேற்றினார்கள். தேர்தலைத் தடுத்த 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தை நீக்க அந்தப் பலம் தாராளமாகப் போதும். தொடவில்லை.

குழுநிலையில் நடந்த மோசடியை அவர்கள் மறக்கவும் இல்லை. அந்த 20ஆம் திருத்தத்தில் 78ஆம் உறுப்புரைக்குள் ஒரு வரி சேர்த்தார்கள்: ஒரு சட்டமூலத்துக்குக் கொண்டுவரும் திருத்தம் அதன் தகைமையிலிருந்தும் தத்துவத்திலிருந்தும் விலகக் கூடாது. அதாவது 2017 செப்டம்பரில் சபையில் அவர்கள் கத்திய வாதத்தை அப்படியே அரசியலமைப்பில் எழுதிவைத்தார்கள். நியாயமான வரி, எனக்கு அதில் மனக்குறை இல்லை. ஆனால் கதவுக்குப் பூட்டுப் போட்டவர்கள், முன்பு அந்தக் கதவால் களவு போன பொருளைத் தேடவில்லை.

இன்னும் இருக்கிறது. அன்று கூட்டு எதிரணிக்குத் தலைமை தாங்கிய தினேஷ் குணவர்தன 2022 ஜூலையில் பிரதமரானார். 2024 செப்டம்பர் வரை அந்தப் பதவியில் இருந்தார். அவரிடம் இருந்த அமைச்சுகளில் மாகாண சபைகளும் உள்ளூராட்சியும் அடக்கம். மேலே சொன்ன மீளாய்வுக் குழுவுக்குச் சட்டப்படி தலைவராகும் பதவியும் பிரதமர் பதவிதான். எதிர்த்து வாக்களித்த மனிதரின் மேசைக்கே முழுக் கோப்பும் வந்தது. அவர் காலத்தில் மாகாண சபைத் தேர்தலும் நடக்கவில்லை, 2023 மார்ச்சில் வைத்திருந்த உள்ளூராட்சித் தேர்தலும் பணமில்லை என்று நின்றது.

அவர்கள் 2017இல் தேர்தல் கேட்டது வெல்வோம் என்று தெரிந்ததால். ஐந்து மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் அதை நிரூபித்தது. அரசாங்கம் பயந்ததும் அதே காரணத்தால். இருவரும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள், விடை மட்டும் ஒருவருக்கு இலாபம், மற்றவருக்கு நட்டம். தேர்தலைத் தள்ளும் சட்டத்துக்கு எதிராக விழுந்த வாக்கை நான் மதிக்கிறேன். வாக்குப் போட்டவரை மதிக்க, அவர் ஆட்சிக்கு வந்த பிறகு என்ன செய்தார் என்பதையும் பார்ப்பேன்.

6 ஜூலை

"இது எல்லா எதிர்க்கட்சிக்கும் பொருந்தும்" என்று எழுதியவருக்கு: பொருந்தும். இன்றைய ஆளும் கட்சிக்கும் சேர்த்துத்தான். கடந்த நவம்பரில் தேசிய மக்கள் சக்தி பெற்ற ஆசனங்கள் 159. 2017இல் அந்தத் திருத்தத்துக்கு விழுந்த வாக்குகளும் 159. சோதிடம் பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் விளக்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்போது நாலைந்து கட்சிகள் கூடிச் சேர்த்த எண்ணிக்கை இப்போது ஒரே கட்சியின் கையில் இருக்கிறது என்பதுதான். யாருடைய தயவும் அவர்களுக்கு வேண்டியதில்லை.

13 ஜூலை

கடைசியாக ஒரு விடயம், ஏனென்றால் இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள்: 2017 திருத்தத்தை நீக்கினால் போதுமா?

தேர்தல் நடத்தப் போதும். 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தில் இருந்த பழைய விகிதாசார முறை திரும்பும், தேர்தல்கள் ஆணைக்குழு வேலையைத் தொடங்கலாம். தொகுதி வகுக்க வேண்டியதில்லை. "முதலில் எல்லை நிர்ணயத்தை முடிப்போம், பிறகு தேர்தல்" என்று யாராவது சொன்னால் அவருக்குத் தேர்தல் வேண்டாம் என்று பொருள். 2018 ஆகஸ்ட் 24ஆம் திகதி எழுந்த சண்டை இன்னொரு முறை எழும், கோடுகள் யாருக்கும் பிடிக்காது.

ஆனால் முழுச் சட்டத்தையும் அப்படியே நீக்கினால் பெண்களுக்கான ஏற்பாடும் சேர்ந்து போய்விடும். உள்ளே செருகிய மற்றதெல்லாவற்றுக்கும் முன்பே வர்த்தமானியில் இருந்தது அது. நீக்கல் சட்டமூலத்தை எழுதுகிறவர் பழைய சட்டத்தின் வேட்புமனுப் பிரிவில் 30 சதவீத வரியையும் சேர்த்து எழுத வேண்டும். விகிதாசாரப் பட்டியலில் அதைச் சேர்ப்பது கடினமில்லை, 19 பேர் பட்டியலில் ஆறு பெயர். அதை முதல் நாளே வர்த்தமானியில் போடட்டும். குழுநிலைக்கு வந்த பிறகு திருத்தமாக யாரும் கொண்டுவர வேண்டாம்.